‘எனக்கு உண்டு’, ‘என்னுடையதுதான்’: சிங்களம் கற்கத் தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்



2010ஆம் ஆண்டு, வன்னி மக்கள் தத்தம் ஊர்களுக்கு மீண்டுகொண்டிருந்த காலம். ஒரு நாள் எங்கள் பாடசாலைக்கு அணித்தாயுள்ள மரநிழலிலே காணி விவரம் பதியும் அலுவல் நடைபெற்றது. தெற்கிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் சுட்டிக்காட்டி, ‘மே இடம காகெத?’ என வினவினார். ‘இந்தக் காணி யாருடையது?’ என்பது அதன் பொருள். இடப்பெயர்வின்போது அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்துவிட்ட விதவைத் தாய் ஒருவர் தம் மகனோடு வந்திருந்தார். மகன் என்னிடம் படித்தவன்; சிறிது சிங்களம் அறிந்தவன். தாய் அவனைப் பார்க்க, அவன் முன்வந்து, ‘அம்மாட்ட இடமக் தியெனவா’ என்று விடை கூறினான்.

அவன் கூறிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை யாதுமில்லை. ஆயினும் அது கேட்ட கேள்விக்கு விடையன்று. ‘அம்மாவுக்கு ஒரு காணி இருக்கிறது’ என்பதே அவன் சொன்னது. அவ்வம்மையாருக்கு எங்கோ ஒரு காணி உண்டு, இது அவருடையதன்று என உத்தியோகத்தர் விளங்கிக்கொண்டார். அவ்வாறே குறித்துக்கொண்டு அடுத்த துண்டுக்குச் சென்றார். அந்தக் குறிப்பைத் திருத்துவிக்க எட்டு மாதங்கள் சென்றன. அந்த உத்தியோகத்தரை நான் குறைகூறேன். தாம் கேட்டதையே அவர் எழுதினார். பையனையும் குறைகூறேன். ‘எனக்கு உண்டு’ என்பதும் ‘என்னுடையது’ என்பதும் ஒன்றல்ல என்பதை அவனுக்குச் சிங்களத்திலே எவரும் எடுத்துக்காட்டவில்லை. அக்குறையில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே, சிங்களம் கற்கத் தொடங்கும் தமிழர் உடைமையை எவ்வாறு சொல்வது, சொன்னதை எவ்வாறு அழுத்திச் சொல்வது என்னும் இரண்டையும் இன்று எடுத்துக்கொள்கின்றேன். பேச்சுச் சிங்களத்தையே இங்கு கூறுகின்றேன். சிங்கள ஒலிகள் சிலவற்றுக்குத் தமிழில் எழுத்தில்லை. ‘மட்ட’ என நான் எழுதுவதில் டகரம் மெலிதாகவே ஒலிக்கும். ‘நெஹெ’ என்பதின் எகரம் வாயை அகலத் திறந்து ஒலிக்கப்படும். சரியான ஒலியை அம்மொழி பேசுவோர் வாயிலாகவே கேட்டறிதல் வேண்டும்.

முதலில் ஒரு நற்செய்தி. ஆங்கிலம் அறிந்த மாணவன் சிங்களம் கற்கப் புகும்போது, ஆங்கிலத்திலே உடைமையைக் குறிக்கும் ‘ஹாவ்’ என்னும் வினைக்கு நிகராகச் சிங்களத்தில் யாது சொல் உளது எனத் தேடுகின்றான். அத்தகைய வினை பேச்சுச் சிங்களத்தில் இல்லை, தமிழிலும் இல்லை. ஆங்கிலத்தில் உடையவனே எழுவாயாக நின்று, உடைமையை ஒரு செயல்போற் செய்கின்றான். தமிழிலோ உடைமைப் பொருளே எழுவாயாக நிற்கும். உடையவன் ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபேற்று ஒதுங்கி நிற்பான். ‘எனக்கு ஒரு புத்தகம் இருக்கிறது’ என்னும்போது இருப்பது நானல்லேன், புத்தகமே. சிங்களமும் அவ்வாறே. ‘மம’ என்றால் நான். ‘மட்ட’ என்றால் எனக்கு. ‘மட்ட பொத்தக் தியெனவா’ என்றால் எனக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் தமிழின் ஒழுங்கே. ஆங்கிலத்தை இடையில் நிறுத்திக் கற்பவன் ‘மம பொத்தக் தியெனவா’ எனத் தவறுகின்றான். தமிழிலிருந்து நேரே செல்பவனுக்கு அத்தவறு நேராது.

இது நம் இருமொழிக்கும் மட்டும் உரிய வழக்கன்று. பழைய இலத்தீனிலும் ‘எனக்கு நூல் உளது’ என்னும் அமைப்பு உண்டு. உருசிய மொழியில் ‘என்னிடம் உளது’ என்பர். ஐரோப்பாவின் நடுவே வழங்கும் ஹங்கேரி மொழி அண்டை மொழிகள் பலவற்றோடு உறவில்லாதது. பின்லாந்து மொழியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலும் ‘ஹாவ்’ போன்ற வினை கிடையாது. ‘கெர்த்’ என்றால் தோட்டம். ‘கெர்த்தெம்’ என்றால் என் தோட்டம். ‘வன் கெர்த்தெம்’ என்றால் எனக்குத் தோட்டம் உண்டு. உடையவன் இன்னான் என்பதைத் தோட்டத்தின் ஈறே காட்டிவிடுகின்றது. ‘எனக்கு’ என்னும் பொருள் தரும் ‘நெகெம்’ என்ற சொல்லையும் சேர்த்து ‘நெகெம் வன் கெர்த்தெம்’ என்றால், பிறருக்கு எவ்வாறாயினும் எனக்கு உண்டு என்னும் அழுத்தம் பிறக்கும். அம்மொழியில் அழுத்த வேண்டிய சொல்லை வினைக்குச் சற்று முன்னே கொண்டுவந்து நிறுத்துவதும் வழக்கம். உடைமையும் அழுத்தமும் மனிதர் யாவர்க்கும் பொதுவான தேவைகள். அவற்றை வெளியிடும் வழியே மொழிக்கு மொழி வேறுபடும்.

மீண்டும் சிங்களத்துக்கு வருவோம். உயிரற்ற பொருளாயின் ‘தியெனவா’ என்பர். மனிதராயினும் விலங்காயினும் ‘இன்னவா’ என்பர். ‘மட்ட இடமக் தியெனவா’ என்றால் எனக்கு ஒரு காணி இருக்கிறது. ‘மட்ட லமயி தென்னெக் இன்னவா’ என்றால் எனக்குப் பிள்ளைகள் இருவர் இருக்கின்றனர். இவ்வேறுபாடு முதலில் இடர்தருவதுபோல் தோன்றும். ஆனால் நம் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கும் பேச்சைச் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். ‘எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கினம்’ என்போம். ‘அங்கை ஒரு கதிரை கிடக்கு’ என்போம். பொருளுக்குக் ‘கிடக்கு’ என்பது நம் வாயில் இயல்பாக வரும் சொல். ‘கிடக்கு’ எனச் சொல்லத்தக்க இடத்திலே ‘தியெனவா’ என்க. ‘இருக்கினம்’ என்னும் இடத்திலே ‘இன்னவா’ என்க. தொடங்குவோர்க்கு இவ்வளவு போதும்.

அடுத்து, ஆறாம் வேற்றுமையாகிய கிழமைப் பொருள். ‘மகே’ என்றால் என்னுடைய. ‘அம்மாகே’ என்றால் அம்மாவுடைய. அம்மா என்னும் சொல்லே இரு மொழிக்கும் பொதுவாயிருப்பதை நோக்குக. ‘கே’ என்னும் இவ்வீறு உயிருள்ளவற்றுக்கே உரியது. தமிழில் ‘அம்மாவின் வீடு’, ‘மரத்தின் இலை’ என இரண்டிடத்தும் ‘இன்’ வரும். சிங்களத்தில் அம்மாவுக்குக் ‘கே’ வரும், மரத்துக்கு வராது. ‘கஹ’ என்றால் மரம். மரத்தின் இலை ‘கஹே கொள’ எனப்படும். ‘கஹே’ என்பதற்கு ‘மரத்தில்’ என்றும் பொருளுண்டு. மரத்தின் இலை மரத்தில் இருப்பதுதானே என எண்ணிக்கொண்டால் மறவாது.

நம் இலக்கணத்திலும் இத்தகைய பகுப்புணர்வு தொன்றுதொட்டு உளது. ‘நம்பிமகன்’ என்னும் தொகையை விரிக்குங்கால் ‘நம்பியது மகன்’ என்னாது ‘நம்பிக்கு மகன்’ என விரித்தல் தொல்காப்பியர் காட்டும் நெறி. பொருளை உடைமையாகக் கொள்ளுதல்போல் மனிதரை உடைமையாகக் கொள்ளலாகாது என்னும் நுட்பம் அதிலே தொனிக்கின்றது.

இனி அந்தப் பையன் தவறிய இடத்துக்கு வருகின்றேன். பின்வரும் இரு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

‘மட்ட இடமக் தியெனவா’: எனக்கு ஒரு காணி இருக்கிறது.
‘மே இடம மகே’: இந்தக் காணி என்னுடையது.

முதல் வாக்கியத்திலுள்ள ‘இடமக்’ என்பதின் ஈற்றிலே ‘அக்’ நிற்கின்றது. அது ‘ஒரு’ எனப் பொருள்படும். இன்ன காணி எனச் சுட்டாது. உங்களிடம் என்ன உண்டு என்னும் கேள்விக்கு அது விடையாகும். இரண்டாவது வாக்கியம் குறித்த ஒன்றைச் சுட்டி, அது யாருடையது என்னும் கேள்விக்கு விடை தருகின்றது. அதில் வினைச்சொல்லே இல்லை. ‘இது என் புத்தகம்’ எனத் தமிழில் வினையின்றிச் சொல்வதுபோன்றதே அது. உத்தியோகத்தர் கேட்டதோ இரண்டாவது கேள்வி. பையன் விடையிறுத்ததோ முதலாவதற்கு.

மறுத்துச் சொல்லுமிடத்தும் இவ்வேறுபாடு நிற்கும். ‘மட்ட இடமக் நெஹெ’ என்றால் எனக்குக் காணி இல்லை. ‘மே இடம மகே நெவெயி’ என்றால் இந்தக் காணி என்னுடையதன்று. ‘நெஹெ’ என்பது நம் ‘இல்லை’. ‘நெவெயி’ என்பது நம் ‘அல்ல’. எழுத்துத் தமிழில் இல்லை, அல்ல என்னும் இரண்டையும் நாம் இன்றும் பகுத்து வழங்குகின்றோம். பேச்சிலோ எல்லாவற்றையும் ‘இல்லை’ என்றே சொல்லிவிடுகின்றோம். அவ்வழக்கத்தைச் சிங்களத்துக்குக் கொண்டுசென்று, ‘அல்ல’ என வேண்டிய இடத்தில் ‘நெஹெ’ என்பவர் பலர். பாடசாலையிலே ‘அல்ல’ என்பதைச் செம்மையாகக் கற்ற பிள்ளைக்குச் சிங்கள ‘நெவெயி’ எளிதாகும். தாய்மொழி இலக்கணம் பிறமொழி கற்றற்கும் துணை என நான் மாணவர்க்குச் சொல்வது இதனாலேயே.

இனி அழுத்தம். தமிழில் ஏகாரமும் ‘தான்’ என்னும் சொல்லும் அழுத்தம் தருகின்றன. சிங்களத்தில் ஏகாரத்துக்கு நிகராக ‘ம’ என்னும் ஈறு வரும். ‘அத’ என்றால் இன்று. ‘அதம’ என்றால் இன்றே. ‘தான்’ என்பதற்கு நிகராகத் ‘தமயி’ என்னும் சொல் வரும். ‘மம தமயி’ என்றால் நான்தான். எச்சொல்லை அழுத்த வேண்டுமோ அச்சொல்லை அடுத்தே இது நிற்கும், தமிழிலும் அப்படியே. ‘மே தமயி மகே இடம’ என்றால் இதுதான் என் காணி. வேறொன்றன்று என்பது கருத்து. ‘மே இடம மகே தமயி’ என்றால் இந்தக் காணி என்னுடையதுதான். பிறருடையதன்று என்பது கருத்து. ஒரு சொல் இடம்பெயர்ந்தால் வழக்கே வேறாகிவிடும்.

வினைச்சொல் வரும் வாக்கியத்தில் அழுத்தம் வேறொரு வகையாலும் அமையும். ‘மம ஈயே ஆவா’ என்றால் நான் நேற்று வந்தேன். இது வெறுஞ்செய்தி. ‘நேற்று’ என்பதை அழுத்த வேண்டின், ‘ஆவா’ என்பதை ‘ஆவே’ என மாற்றி, ‘மம ஆவே ஈயே’ என்பர். நான் வந்தது நேற்று என்பது அதன் பொருள். தமிழில் ‘வந்தேன்’ என்னும் முற்று, ‘வந்தது’ எனப் பெயராகி, அழுத்தப்படும் சொல் ஈற்றுக்குச் செல்கின்றதல்லவா? அதே செயலைச் சிங்களம் வினையின் ஈற்றெழுத்தை மாற்றிச் செய்துகொள்கின்றது. நிகழ்காலத்தில் ‘யனவா’ என்பது ‘யன்னே’ ஆகும். ‘தியெனவா’ என்பது ‘தியென்னே’ ஆகும். மறுக்கும்போது ‘மம ஆவே ஈயே நெவெயி’, அதாவது நான் வந்தது நேற்று அல்ல, என்பர். இங்கும் ‘அல்ல’ என்பதே வருதலை நோக்குக.

இவ்விடத்தில் தமிழர் பெரிதும் வழுக்குவது வினாவிலேயாகும். எங்கே, எப்போது, ஏன் என வினவும்போது சிங்களம் அழுத்தவினையையே வேண்டும். ‘எங்கே போகிறீர்கள்?’ என்பதை ‘கொஹெத யன்னே?’ எனல் வேண்டும்; ‘கொஹெத யனவா?’ என்பது வழு. எழுத்துத் தமிழையே அளவுகோலாகக் கொண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றும். ஆனால் நம்மூரிலே விருந்தினரைக் கண்டதும் ‘எப்ப வந்தனீங்கள்?’ என்றுதானே பெரும்பாலும் கேட்கின்றோம்? ‘வந்தீங்கள்’ என்பதிலும் ‘வந்தனீங்கள்’ என்பதே அவ்விடத்துக்கு இசைகின்றது. வருகை நமக்குத் தெரிந்ததே, தெரியாதது காலம். ஆகையால் வினை தன் முனைப்பை விடுத்து, வினாச்சொல்லுக்கு இடங்கொடுக்கின்றது. கொச்சை என நாம் ஒதுக்கும் பேச்சிலே சிங்களத்தின் இக்கூற்றை விளக்கும் திறவுகோல் இருக்கின்றது.

ஆம், இல்லை என விடைவேண்டும் வினாவிலும் இந்நெறியே. ‘ஒயா ஆவாத?’ என்றால் நீர் வந்தீரா? ‘ஒயாத ஆவே?’ என்றால் நீரா வந்தது? தமிழ் ஆகாரம்போலச் சிங்களத் ‘த’வும் ஐயத்துக்குரிய சொல்லின்மேல் ஏறிக்கொள்கின்றது.

வடவிந்திய மொழிகளோடு உறவுடைய சிங்களமும் திராவிடக் குடும்பத்துத் தமிழும் வாக்கிய அமைப்பில் இத்துணை நெருங்கியிருத்தல் வியப்பன்று. இரு மொழியும் இத்தீவிலே நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தவை. சிங்களத்தையும் யாழ்ப்பாணத் தமிழையும் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கெயர் முதலியோர் இந்நெருக்கத்தைப் பற்றி எழுதியிருக்கின்றனர். மக்களிடையே வேலிகள் எழுந்த காலத்தும் இலக்கணங்களுக்கு இடையே இருந்த ஒழுங்கை அடைபடவில்லை.

இத்துணையும் கேட்ட பின், ‘நாம் ஏன் சிங்களம் கற்க வேண்டும்? அவர்கள் தமிழ் கற்கட்டுமே’ எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியதனால் விளைந்த துன்பம் நம்மவர் நெஞ்சிலிருந்து நீங்கவில்லை. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் அதனை விரித்துரைத்தது. 2007ஆம் ஆண்டின் அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கையொன்று, அவ்வாண்டு ஜூலை 1ஆம் திகதி முதல் அரச சேவையிற் சேர்வோர் மற்றை அரசகரும மொழியிலும் ஐந்தாண்டுக்குள் தேர்ச்சி பெறல் வேண்டும் என விதித்தது. அவ்விதி சிங்களவர்க்கும் உரியது, நமக்கும் உரியது. தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் மறுமொழி பெறவும் நமக்குள்ள உரிமையை எவரும் சிங்களம் கற்றதற்காக இழக்கப் போவதில்லை. உரிமையைக் கேட்பது வேறு. மரநிழலிலே, மொழிபெயர்ப்பாளர் இல்லாத வேளையிலே, வரைபடத்தின்மேல் வைத்த விரல் நகர்வதற்குள் ஒரு வாக்கியத்தைச் செம்மையாகச் சொல்வது வேறு. இரண்டும் வேண்டும்.

எழுத்துச் சிங்களம் பேச்சினின்றும் வேறுபடும் என்பதையும் சொல்லிவைக்கின்றேன். ‘தியெனவா’ என்பதற்கு எழுத்திலே ‘எத்த’ என்றும், ‘நெஹெ’ என்பதற்கு ‘நெத்த’ என்றும் வரும். நம் ‘உண்டு’, ‘இல்லை’ போன்றவை அவை. ஆகவே பேச்சை மட்டும் கற்றவர் கடிதம் எழுதத் துணிதல் கூடாது. அதனைத் தேர்ந்தவரிடம் விடுக. அல்லது தமிழிலேயே எழுதுக.

பயிற்சிக்கு ஒரு வழி கூறுகின்றேன். நாள்தோறும் வீட்டிலுள்ள ஐந்து பொருள்களை எடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் நான்கு வாக்கியம் சொல்லுங்கள். எனக்கு இது உண்டு; இது என்னுடையது; இது என்னுடையதல்ல; எனக்கு இருப்பது இது மட்டும்தான். முதலில் தமிழிலே சொல்லி, வேறுபாட்டை உணர்ந்து, பிறகு சிங்களத்தில் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நா பழகிவிடும்.

அந்நான்காவது வாக்கியத்தை இதுவரை சிங்களத்தில் நான் சொல்லவில்லை. ‘மட்டும்தான்’ என்பதற்குச் சிங்களத்தில் ‘வித்தரயி’ என்பர். எட்டு மாதங்களுக்குப் பின், அதே தாயும் மகனும் மற்றொரு நாள் மற்றொரு மேசையின் முன் நின்றனர். அதற்கு முந்திய மாலைகளில் நானும் அவனும் பாடசாலைத் தாழ்வாரத்திலே இவ்விலக்கணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தோம். வரைபடம் விரிக்கப்பட்டது. பையன் தன் தாயின் துண்டின்மேல் விரலை வைத்து, முதலில் ‘மே இடம அம்மாகே’ என்றான். பின்னர், எவரும் கேட்காமலேயே, ‘அம்மாட்ட தியென்னே மே இடம வித்தரயி’ என்றான். இந்தக் காணி அம்மாவுடையது. அம்மாவுக்கு இருப்பது இந்தக் காணி மட்டும்தான்.

உடையவருக்குக் ‘கு’ உருபு, உடைமைக்கு உரிய வினை, அவ்வினையின் ஈற்றில் அழுத்தமாற்றம், அழுத்தப்பட்ட சொல்லின்பின் ‘மட்டும்தான்’ என நாம் இன்று பார்த்த யாவும் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கின. உத்தியோகத்தர் தலைநிமிர்ந்து அத்தாயைப் பார்த்தார். பிறகு பழைய குறிப்பை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார்.